இரண்டு ரம்பமும் ஒரு சுவிட்சும்

இரண்டு மாதத்துக்கு முன்பு வரை எங்கள் வீட்டுக் கொட்டகையில் இரண்டு டேபிள் சா இருந்தன. ஒன்றை என் கணவரின் அண்ணன், இண்டூரில் இருக்கும் தன் வெல்டிங் பட்டறையில் செய்து கொடுத்தார். இன்னொன்றை நானே வாங்கினேன். வீட்டில் மரவேலை செய்ய எது தேவலை என்று யாராவது கேட்டால் அரைமணி நேரம் பேசுவேன். எதில் என்ன குறை, எதில் என்ன நிறை, எல்லாம் சொல்வேன். இரண்டையும் அருகருகே வைத்து ஓட்டிப் பார்த்த அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் சொல்வதில்லை.

டேபிள் சா பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. மேசையின் நடுவில் நீளமாக ஒரு கீறல் இருக்கும். அதன் வழியாக வட்ட பிளேடின் மேல்பகுதி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு சுற்றும். பிளேடு இருந்த இடத்திலேயே இருக்கும், பலகையை நாம்தான் அதற்குள் தள்ள வேண்டும். தள்ளுகிற கை எங்கே இருக்கிறது என்பதை ஒரு நொடி கூட மறக்கக் கூடாது.

நான் தருமபுரியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஊசி குத்துவது வலது கை என்றாலும் நரம்பைக் கண்டுபிடிப்பது இடது கை ஆள்காட்டி விரல்தான். காய்ச்சலில் வற்றிப் போனவர்கள், பயத்தில் கை ஜில்லிட்டவர்கள், யார் வந்தாலும் அந்த விரல் தோலை அமுக்கிப் பார்த்து இடத்தைச் சொல்லிவிடும். அப்படி ஒரு விரலை வைத்துக்கொண்டு ரம்பத்தின் பக்கமே நான் போயிருக்கக் கூடாது. ஊரடங்குக் காலத்தில் ஒரு செருப்பு ஸ்டாண்டு செய்யலாமே என்று ஆரம்பித்தது. எடுத்ததைப் பாதியில் விடுகிற ஆள் இல்லை நான். என் கணவர் இதற்குப் பிடிவாதம் என்று பெயர் வைத்திருக்கிறார்.

முதலில் நான் செய்துகொண்டது படு முட்டாள்தனமான ஏற்பாடு. கையில் பிடித்து அறுக்கும் வட்ட ரம்பத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒரு பிளைவுட் பலகைக்கு அடியில் திருகி, அதன் சுவிட்சை நிரந்தரமாக அமுக்கிக் கட்டிவிட்டேன். பிளக்கைச் சொருகினால் ஓடும், பிடுங்கினால் நிற்கும். இடத்தை அடைக்காது, செலவில்லை, அதன் நல்ல குணம் அவ்வளவுதான். பலகை தொய்ந்து பிளேடு சாயும். கோடு போட்ட இடம் ஒன்று, அறுபட்ட இடம் ஒன்றாக இருக்கும். ஏதாவது ஆனால் பிளக்கைத் தேடிக் குனிவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

ஒரு நாள் அதை மச்சாண்டார் பார்த்துவிட்டார். கணவனுக்கு மூத்தவரை எங்கள் பக்கம் மச்சாண்டார் என்போம். அவரோடு நேராகப் பேசும் வழக்கம் கிடையாது. சண்டையெல்லாம் இல்லை, மரியாதை. அவர் எதிரில் உட்காரக் கூடாது, ஏதாவது சொல்ல வேண்டுமானால் நடுவில் ஓர் ஆளை வைத்துத்தான் சொல்ல வேண்டும். “மாமாவுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேணுமான்னு கேளுங்க” என்று கணவரிடம் சொல்வேன். மச்சாண்டார் இரண்டடி தள்ளி இலையில் உட்கார்ந்திருப்பார். “போதும்னு சொல்லு” என்பார். “போதுமாம்” என்பார் என் கணவர். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடமாக நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது இப்படித்தான். இந்தக் காலத்தில் பல வீடுகளில் இதெல்லாம் போய்விட்டது. எங்கள் வீட்டில் போகவில்லை, நானும் அதை மாற்ற மெனக்கெடவில்லை.

அன்று அவர் என் தலைகீழ் ரம்பத்தைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். பிறகு என் கணவரைப் பார்த்துச் சொன்னார். “அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு. ரத்தம் எடுக்கற கை அது, போச்சுன்னா ஒட்டவெக்க முடியாது. ஒரு மாசம் இதத் தொட வேணாம்னு சொல்லு. நான் ஒண்ணு பண்ணித் தரேன்.”

கையில் பசை டப்பாவோடு அங்கேயேதான் நின்றிருந்தேன். “சரிங்கன்னு சொல்லுங்க” என்றேன்.

அவர் செய்து கொண்டுவந்ததை இறக்க நாலு ஆள் தேவைப்பட்டது. தடித்த ஆங்கிள் இரும்பில் கால்கள், மேலே கனமான இரும்புத் தகடு, கீழே பழைய மாவு மில் மோட்டார், பெல்ட். நல்லதை நல்லது என்றுதான் சொல்ல வேண்டும். அந்த மெஷின் ஓடும்போது மேசை மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தால் அலை எழும்பாது. சத்தமும் காதைக் குத்தாத கனத்த முனகல்தான். இரண்டங்குல வேம்பு, புளி, எதைக் கொடுத்தாலும் ஒரே சீராக அறுக்கும். பேரிங் போனால் தருமபுரியில் எந்தக் கடையிலும் கிடைக்கும். நான் அதில் கட்டில் செய்தேன், ஊஞ்சல் பலகை செய்தேன், பரிசோதனைக் கூடத்துக்கு ரத்தக் குப்பி அடுக்கும் தட்டுகள் செய்தேன். என் வாழ்க்கையில் எனக்கென்று யாரும் இப்படி ஒரு பொருளைச் செய்து கொடுத்ததில்லை. அதை நான் அவரிடம் சொன்னதும் இல்லை.

குறைகளும் இருந்தன. பிளேடை ஏற்றவோ இறக்கவோ சாய்க்கவோ முடியாது. பலகையை ஒட்டித் தள்ளுவதற்கான பக்கக் கட்டையை ஒவ்வொரு முறையும் இரண்டு முனையிலும் டேப் வைத்து அளந்து இறுக்க வேண்டும். பிளேடுக்கு மேல் மூடி கிடையாது. பிளேடுக்குப் பின்னால் ஒரு தகடு நிற்க வேண்டும். அறுபட்ட மரம் மறுபடி மூடிக்கொண்டு பிளேடைக் கவ்விவிடாமல் அதுதான் பிரித்துப் பிடிக்கும். அந்தத் தகடும் கிடையாது. மெஷினில் சுவிட்சே கிடையாது. கொட்டகைக் கதவோரம் சுவரில் இருக்கும் போர்டில் பல்பு, ஃபேன், அவற்றின் பக்கத்தில் மோட்டாருக்கென்று ஒரு தடித்த சுவிட்ச். ஏதாவது ஆனால் பலகையை விட்டுவிட்டு ஆறடி நடந்துதான் அணைக்க வேண்டும்.

இந்த ஆறடி மூன்று வருடம் என் தூக்கத்தைக் கெடுத்தது. கடைசியில் ஒரு நல்ல மெஷினை வாங்கினேன். அட்டைப் பெட்டியில் வந்தது, நான் ஒருத்தியே தூக்கி வைத்தேன். மூடி, பின் தகடு, அளவுக் கோடு போட்ட பக்கக் கட்டை, பிளேடைச் சாய்க்க ஒரு கைப்பிடி, எல்லாம் இருந்தது. முன்பக்கத்தில் முழங்காலால் இடித்தே அணைக்கும்படி ஒரு சிவப்பு சுவிட்ச். அதற்கு இன்னொரு குணமும் உண்டு. கரண்ட் போனால் தானே அணைந்துவிடும். கரண்ட் திரும்பி வந்தாலும் நாம் மறுபடி பொத்தானை அமுக்கினால்தான் ஓடும்.

குறை இல்லாமலா. மேசை சின்னது, பெரிய பிளைவுட் ஏற்றினால் மெஷினே சாயும். சத்தம் மிக்ஸியைக் காதில் வைத்தது போல இருக்கும். கெட்டி மரம் கொடுத்தால் திணறும். எங்கள் அதியமான்கோட்டைப் பக்கம் காலை வேளையில் தோட்டத்து மோட்டார்கள் எல்லாம் ஓடும்போது வோல்டேஜ் இறங்கும். அப்போது கரண்ட் போய்விட்டது என்று நினைத்து அந்தச் சிவப்பு சுவிட்ச் தானாக விழுந்துவிடும்.

நான் வாங்கிய செய்தி மச்சாண்டார் காதுக்குப் போயிற்று. மூன்று வாரம் அவர் இந்தப் பக்கம் வரவில்லை. எனக்கு உள்ளுக்குள் குறுகுறுப்பாக இருந்தது. அதை மறைக்க, “நம்ம விரலு, நம்ம மெசினு” என்று கணவரிடம் எரிந்து விழுந்தேன். பிறகு ஒரு நாள் அவரிடமிருந்து ஃபோன் வந்தது, என் கணவருக்குத்தான். “ஞாயித்துக்கெழம வரேன்னு சொல்லு. பலகை கொண்டாரேன். ரெண்டையும் ஓட்டிப் பாத்துருவோம்.”

காலை பத்தரைக்கு அவரும் அவர் மனைவியும் வந்தார்கள். அக்கா நேராகச் சமையலறைக்குப் போய்விட்டார். மச்சாண்டார் வண்டியிலிருந்து இரண்டு மாம்பலகை இறக்கினார். போன காற்றுக்கு அவர் தோட்டத்தில் சாய்ந்த மரம், மில்லில் கொடுத்து இரண்டங்குலக் கனத்தில் அறுத்தது. கையால் தடவியபோதே இன்னும் முழுசாகக் காயவில்லை என்று தெரிந்தது. ஈர மாமரம் அறுக்க அறுக்க உள்ளே முறுக்கிக்கொள்ளும். சொல்லலாமா என்று நினைத்தேன். தோற்றுவிடுவேன் என்று பயந்து சாக்கு சொல்வதாக எடுத்துக்கொள்வார்கள் என்று பேசாமல் இருந்தேன்.

முதலில் என் மெஷின். நானே தள்ளினேன். ஒரு சாண் போனதும் கொட்டகை பல்பு மங்கியது, சுவிட்ச் விழுந்தது. பொத்தானை அமுக்கித் திரும்பத் தள்ளினேன். மறுபடி விழுந்தது. மூன்றாவது முறையும் விழுந்தபோது என் கணவர் சிரித்துவிட்டார். மச்சாண்டார் சிரிக்கவில்லை. “தொட்டாச் சுருங்கியாட்டம் இருக்குதுன்னு சொல்லு” என்று மட்டும் சொன்னார். எனக்கு முகம் சுட்டது. நாலாவது முறை மெதுவாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு பலகையை அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். வெட்டு நேராகத்தான் வந்திருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

அடுத்து அவர் மெஷின். அவரே போய் சுவரில் சுவிட்சைப் போட்டார். முதல் வெட்டு வெண்ணெய்யாகப் போயிற்று. பலகையைத் திருப்பி இரண்டாவது வெட்டு ஆரம்பித்தார். பாதி தூரத்தில் மோட்டாரின் குரல் மாறியது. பிளேடுக்குப் பின்னால் வெட்டுவாய் மூடிக்கொண்டு வருவதைப் பார்த்தேன். மரம் கருகும் வாடை வந்தது. அவர் இடுப்பை முட்டுக்கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்.

அப்போது கரண்ட் போயிற்று.

ஃபேன் நின்றது, பல்பு அணைந்தது. பிளேடு மரத்துக்குள் மாட்டிக்கொண்டு நின்றது. அக்கம்பக்கத்து மோட்டார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓய்ந்ததில் ஊரே அமைதியாகிவிட்டது.

எங்கள் வீடுகளில் கரண்ட் போனால் யாரும் சுவிட்சை அணைக்கமாட்டார்கள். கரண்ட் வந்தால் தெரியட்டும் என்று விட்டுவிடுவார்கள். பல்பு எரிந்தால், ஃபேன் சுற்றினால் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வோம். யாராவது பொறுப்பாக அணைத்து வைத்தால், “ஏன் அமத்துன, கரண்ட் வந்ததே தெரியலயே” என்று திட்டுதான் கிடைக்கும். சின்ன வயதிலிருந்து கைக்குப் பழகிப் போனது. ரம்பத்தின் சுவிட்சுக்கும் அதே பழக்கம்தான் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

மச்சாண்டார் குனிந்தார். பிளேடு ஓரத்தில் ஒரு மரச்சிம்பு செருகிக்கொண்டிருந்தது. அதை எடுப்பதற்கு வலது கையை பிளேடோடு ஒட்டி உள்ளே விட்டார். விரல்கள் பற்களுக்கு நடுவில் இருந்தன.

நான் போர்டைப் பார்த்தேன். தடித்த சுவிட்ச் அமுங்கியே இருந்தது. போர்டுக்கும் எனக்கும் நடுவில் அந்த மெஷின், பலகை, என் கணவர்.

“மாமாவக் கைய எடுக்கச் சொல்லுங்க. சுவிட்சு ஆன்ல இருக்குது” என்றேன் கணவரிடம். அவர் ஃபோனில் யாருக்கோ, ஊர் முழுக்கப் போய்விட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே ‘இரு’ என்று கையைக் காட்டினார். மச்சாண்டார் காதில் என் குரல் விழுந்திருக்க வேண்டும். ஆனால் அது அவருக்குச் சொன்னதில்லையே, அவர் திரும்பவில்லை. பத்தொன்பது வருடமாக நான் பேசுவது அவர் காதில் விழாத மாதிரிதான் இருப்பார், நடுவில் இருப்பவர் சொன்ன பிறகுதான் பதில் சொல்வார். இப்போதும் அதற்குத்தான் காத்திருந்தார் போல. கை உள்ளேயே இருந்தது.

“டேய், கைய எட்றா” என்றேன்.

சத்தமாகத்தான் வந்தது. அவர் கை சட்டென்று வெளியே வந்தது. ரம்பத்துக்குப் பயந்து அல்ல, என் வாய்க்குப் பயந்து. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் என் முகத்தை நேராகப் பார்த்ததே அதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன். ஐம்பத்தாறு வயது மனிதர்.

என் கணவர் ஃபோனை இறக்கினார். “என்ன பேச்சு பேசற நீ? யாரப் பாத்து?”

“சுவிட்சு ஆன்ல இருக்குதுங்க. கரண்ட் வந்திருந்தா விரலு இருந்திருக்காது.”

“வந்துச்சா?”

வரவில்லை. அதுதான் சங்கடம். பிளேடு அசையாமல் நின்றது, விரல்கள் பத்தும் இருந்தன, என் வார்த்தை மட்டும் நடுவில் கிடந்தது.

மச்சாண்டார் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். தம்பியைப் பார்த்துப் பேசினார், குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “முப்பது வருசமா மெசினோட இருக்கறவன் நானு. இந்நேரத்துக்குப் போனா சாயங்காலந்தான் வரும்னு எனக்குத் தெரியாதா. வா, வெளிய போலாம்.”

“மன்னிப்புக் கேளு” என்றார் கணவர் என்னிடம்.

“கேக்க வேணாம்னு சொல்லு” என்றபடி அவர் வெளியே போனார். கணவரும் பின்னாலேயே போனார்.

கொட்டகையில் நான் மட்டும் இருந்தேன். பயம் பாதி, கோபம் பாதி. ஒரு மனிதரின் கையைக் காப்பாற்றியதற்கு மன்னிப்பா என்று இருந்தது. போர்டுக்குப் போனேன். அணைக்கத்தான் போனேன். விரலை சுவிட்ச் மேல் வைத்தேன்.

அணைக்கவில்லை.

வரட்டும் என்று நினைத்தேன். கரண்ட் வரட்டும், ஆளில்லாத கொட்டகையில் இந்த மெஷின் தானாகக் கத்தட்டும், எல்லோரும் காபி டம்ளரோடு உட்கார்ந்து கேட்கட்டும். அதற்குமேல் நான் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. மறதி இல்லை, பதற்றம் இல்லை, தெளிவாக யோசித்து எடுத்த முடிவு. கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் வந்தேன்.

சமையலறையில் அக்காவுக்கு அதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது. என்னைப் பார்க்காமல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் பால் வைத்தேன். முன்னறையில் அண்ணனும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். ஃபேன் இல்லாததால் விசிறிக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. நான் நிமிடத்துக்கு ஒரு முறை ஃபிரிட்ஜைப் பார்த்தேன். கரண்ட் வந்தால் எங்கள் வீட்டில் முதலில் உலுக்கிக்கொள்வது அதுதான். அந்த உலுக்கலுக்காக நான் ஆசையோடு காத்திருந்தேன் என்பதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. அக்காவின் கத்தி நிற்பதையும், கணவர் எழுந்து நிற்பதையும், மச்சாண்டார் தன் வலது கையைப் பார்த்துக்கொள்வதையும் மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பால் பொங்கி வரும்போது முன்னறையிலிருந்து மச்சாண்டாரின் குரல் கேட்டது. “வண்டிய முன்னால கொண்டாந்து நிறுத்து. கெளம்பறோம்.”

“சாப்ட்டுட்டுப் போங்கண்ணா” என்றார் என் கணவர்.

“இல்ல, வேல இருக்குது. நான் பலகைய எடுத்துட்டு வரேன்.”

எனக்குக் கேட்டது. ஒரு சொல் விடாமல் கேட்டது. அடுப்பை அணைத்தேன். கணவர் சாவியை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போகும் செருப்புச் சத்தம் கேட்டது. மச்சாண்டார் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் நடப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது, தோளில் துண்டு, தலை குனிந்தபடி.

சொல்ல வேண்டியது மூன்றே வார்த்தை. சுவிட்சு ஆன்ல இருக்குது. யாரிடம் சொல்வது என்று நின்றேன். நடுவில் வைத்துப் பேச ஆள் இல்லை. கணவர் வாசலில். அக்காவிடம் சொல்லலாம், அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். நேராக அவரிடமே ஜன்னலில் கத்த வேண்டும், இன்னொரு தரம். அரைமணி நேரத்துக்கு முன்னால் கத்தியவள்தான். ஆனால் அதற்குக் கிடைத்த மரியாதையை நான் மறந்திருக்கவில்லை. எல்லாம் தெரிந்தவராச்சே, பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். கதவைத் திறந்ததும் போர்டு கண்ணில் படும், அணைப்பார், நான் விட்டது அவருக்குத் தெரிந்துபோகும் என்றும் நினைத்தேன். அந்த நிமிடத்தில் எனக்குப் பெரிய கவலை அதுதான்.

தாழ்ப்பாள் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் என்று பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். வடிகட்டியை எடுத்தேன், நாலு டம்ளரை வரிசையாக வைத்தேன், இரண்டில் காபி ஊற்றினேன். அத்தனை நேரம் இருந்தது. சமையலறையிலிருந்து கொட்டகைக்கு இருபது அடிதான்.

ஃபிரிட்ஜ் உலுக்கிக்கொண்டது.

பின்னாலிருந்து வந்தது நான் நினைத்து வைத்திருந்த சத்தமில்லை. ஆளில்லாமல் ஓடும் மெஷின் ஒரே சீராகக் கத்தும். இது அடைபட்ட உறுமல், விட்டு விட்டு இழுத்தது. பிறகு பலகை கொட்டகைத் தகரத்தில் போய் மோதும் சத்தம். அதற்குப் பிறகுதான் அந்தச் சீரான சத்தம் வந்தது. மனிதக் குரல் ஒன்றும் வரவில்லை. அதுதான் என்னை ஓட வைத்தது.

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்திருந்தார். நான் முதலில் போனது அவரிடம் இல்லை, போர்டுக்கு. மெஷின் ஓடுகிறதே என்று போனதாக எல்லோரும் நினைத்திருப்பார்கள். முன்பு விரலை வைத்தும் அணைக்காமல் விட்ட சுவிட்சை அணைத்தேன். அப்புறம்தான் அவர் பக்கத்தில் மண்டியிட்டேன்.

ரத்தம் பார்த்துப் பழகிய கை, அது பாட்டுக்கு வேலை செய்தது. துண்டை மடித்து அழுத்தினேன், கையை நெஞ்சுக்கு மேல் தூக்கிப் பிடித்தேன், இடது ஆள்காட்டி விரலால் அவர் மணிக்கட்டில் நாடி பார்த்தேன். அவர் கண்ணைத் திறந்து, “அவ்வளவுதானாம்மா?” என்றார். என்னிடம்தான் கேட்டார். நான் துண்டை இன்னும் அழுத்திப் பிடித்தேன்.

வண்டி வாசலில் தயாராக நின்றது. கால்மணி நேரத்தில் தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முதல் கணுவோடு போயின. வெல்டிங் பிடிக்கிற கை. டாக்டர் நன்றாகவே தைத்தார். சரியாக அழுத்திப் பிடித்துக் கொண்டுவந்தீர்கள் என்று என்னிடம் சொன்னார். அதைக் கேட்டு அக்கா என் இரண்டு கையையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “அப்பவே சொன்னியே கண்ணு. இந்த மனுசன் கேக்கலயே” என்று அழுதார். என் கணவர் அன்று முழுவதும் என் முகத்தைப் பார்க்கத் தயங்கினார். நான் சொன்னதுதான் சரி என்று உலகத்துக்கே தெரிந்துவிட்டது, நான் ஆசைப்பட்டபடியே.

அன்றிலிருந்து என் பேர் உயர்ந்துவிட்டது. இண்டூரில் சொந்தக்காரர்கள் நடுவில் கதை பரவியது. மச்சாண்டார் என்றும் பார்க்காமல், மரியாதையை ஓரமாக வைத்துவிட்டுக் கத்திய பெண் என்று புகழ்ந்தார்கள். ஒரு கல்யாண வீட்டில் வயதான ஒருவர், “நீயில்லன்னா கையே போயிருக்கும்” என்று எனக்கு நாற்காலி போட்டார். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வரும். சொன்னால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். அண்ணன் தம்பி உறவு முறிந்துபோகும், என் வீடும் என்னோடு முன்போல் இருக்காது. அதற்குப் பயந்துதான் சொல்லவில்லை, வேறு நல்ல காரணம் எதுவும் இல்லை. பரிசோதனைக் கூடத்தில் யாருடைய கையைப் பிடித்தாலும் முதலில் அந்த இரண்டு விரல்களின் நுனியைத்தான் பார்க்கிறேன்.

தையல் பிரித்துச் சில நாள் கழித்து மச்சாண்டார் ஒரு சரக்கு ஆட்டோவோடு வந்தார். தன் மெஷினைப் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போய்ச் சரிசெய்யப் போவதாகச் சொன்னார். என்னிடம் நேராகத்தான் சொன்னார். அந்த நாளுக்குப் பிறகு எங்களுக்கு நடுவில் ஆள் தேவைப்படவில்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “ரெண்டுலயும் என்னென்ன நல்லது, என்னென்ன கெட்டதுன்னு நீயே சொல்லும்மா. அது மாதிரி மாத்திடறேன்” என்றார். நான் சொன்னேன். உங்கள் மேசையின் கனத்துக்கு இன்னொன்று கிடையாது, அதை மாற்ற வேண்டாம். மோட்டாரும் பெல்டும் அப்படியே இருக்கட்டும். பிளேடுக்குப் பின்னால் ஒரு தகடு வையுங்கள், மேலே ஒரு மூடி வேண்டும். சுவிட்ச் மெஷினிலேயே இருக்க வேண்டும், கரண்ட் போனால் தானாக விழுகிற மாதிரி. வெறும் விளையாட்டுச் சாமான் என்று நினைத்ததை எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறான் பாருங்கள் என்று என் மெஷினின் சிவப்பு சுவிட்சை அணைத்துப் போட்டுக் காட்டினேன். என் குரல் நடுங்கவில்லை. அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார், கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் பென்சிலைப் பிடித்து ஒரு சீட்டில் குறித்துக்கொண்டார். எழுத்து கோணல்மாணலாக வந்தது.

மெஷினை ஏற்றியாயிற்று. என் கணவர் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். மச்சாண்டார் கொட்டகைக்குள் ஒரு தரம் எட்டிப் பார்த்தார், சுவரிலிருந்த போர்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“அன்னிக்குக் கரண்ட் போனப்ப நான் சுவிட்ச அமத்தல. நீ அவ்வளவு சொல்லியும் அமத்தாமயே வெளிய வந்துட்டேன். திரும்பப் போனப்பவும் பாக்காம கைய வெச்சேன். எல்லாம் என் தப்புதான். அப்படித்தானம்மா?”

“ஆமாங்க மாமா” என்றேன்.